மூன்று சுழி

படித்த காலத்து வேடிக்கை எதையாவது எழுதித் தா என்று முன்னாள் மாணவர் மலர்க் குழுவிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். நான் படித்தது வரைகலை வடிவமைப்பு. எங்களுக்கு நடந்த வேடிக்கைகள் முக்கால்வாசி எழுத்துகளோடுதான். விளையாட்டுப் போட்டி, கலைவிழா நினைவுகளை எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள், நான் எழுத்தைப் பற்றி எழுதுகிறேன்.

முதல் பருவத்தில் ஒரு சொல்லைக் கொடுத்து, அதன் பொருள் கண்ணில் தெரிகிற மாதிரி அமைத்து வரச் சொன்னார்கள். நான் 'மழை' எடுத்தேன். எழுத்துகளை மேலிருந்து சொட்டவிட்டு, ழகரத்தின் வாலை இழுத்து வாய்க்காலாக்கி, இரவெல்லாம் கண்விழித்துச் செய்த வேலை அது. மிஸ் அதைச் சுவரில் குத்திவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மழை என்று எழுதியிருக்கிறாய், வாசித்தாலே மழை என்று தெரிகிறது. அப்புறம் எதற்கு அதை நனைத்தாய்?" வகுப்பே சிரித்தது. அதிகம் சிரித்தவனின் 'தீ' அடுத்ததாகச் சுவருக்கு வந்தது, அதன் கொக்கியில் சுடர் முளைத்திருந்தது.

அடுத்த பயிற்சிக்குக் கணினியைத் தொடக்கூடாது. கறுப்புத் தாளில் ஆங்கில எச்சும் ஓவும் ஒரே உயரத்தில் வெட்டி ஒட்ட வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்து, மயிரிழை பிசகாமல் வெட்டி ஒட்டினேன். ஆனால் ஓ சின்னதாகத் தெரிந்தது. மறுபடி அளந்தேன், சரியாகத்தான் இருந்தது. மிஸ் ஸ்கேலை வாங்கி மேசைக்குள் போட்டுவிட்டார். வட்டமான எழுத்து கோட்டைத் தொடுவது ஒரு புள்ளியில் மட்டும், தட்டையான எழுத்து அகலமாக உட்காருகிறது, ஆகவே வட்டத்தை மேலேயும் கீழேயும் கோட்டைத் தாண்டித் துளி வெளியே விட்டால்தான் கண்ணுக்கு இரண்டும் சமம். எழுத்துரு வரைகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். அத்தனை வருடம் வாசித்தும் ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

இனி 'மணமற்ற மலர்' என்ற கவிதையின் கதைக்கு வருகிறேன். அப்போது வகுப்பில் இருந்த சிலர் இதை வாசிக்கவும் கூடும், மன்னிக்கவும்.

வகுப்பில் ஒரு சிற்றிதழ் போட்டோம். நகலெடுக்கும் இயந்திரத்தில் பிரதி எடுத்து, மடித்து, நடுவில் பின் குத்துகிற இதழ். பக்க அமைப்பு என் பொறுப்பு. இடம் போதாததால் கவிதைகளை 6 புள்ளிக்குச் சுருக்கிவிட்டேன் (72 புள்ளி ஓர் அங்குலம், ஆகவே 6 புள்ளி எவ்வளவு பொடி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்). நண்பன் ஒருவன் 'மணமற்ற மலர்' என்று எழுதியிருந்தான், வாசனை இல்லாத பூவைப் பற்றிச் சாதாரணமான ஒரு கவிதை. பிரதியில் மூன்று சுழி ண எல்லாம் மை அடைத்துக் கட்டியாகிவிட, எல்லோரும் அதை 'மனமற்ற மலர்' என்று வாசித்தார்கள். என்ன ஆழம், என்ன தத்துவம் என்று ஒரு வாரம் பாராட்டு. அவனும் மறுக்கவில்லை. மூன்று வருடப் படிப்பில் அவனுக்குக் கிடைத்த ஒரே இலக்கியப் புகழ் என் தப்பால் வந்தது.

மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "எந்த எழுத்து எப்போது சாகிறது என்று பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். அதையே பருவச் செயல்திட்டமாக எடுத்துக்கொண்டேன்.

செய்முறை சுலபம். எழுத்துகளை ஒரு தாளில் பல அளவுகளில் அச்சடித்து, பிரதி எடுத்து, அந்தப் பிரதியைப் பிரதி எடுத்து, இப்படியே 20 தலைமுறை. இயந்திரத்தின் கறுப்பைக் கூட்டினால் சுழிகள் அடைபடும். குறைத்தால் மெல்லிய கோடுகள் அறுந்துபோகும், போடோனி மாதிரி தடித்த கோட்டுக்கும் மயிர்க்கோட்டுக்கும் பெரிய வித்தியாசம் உள்ள எழுத்துருக்கள் அதில் துண்டு துண்டாகிவிடும். தமிழில் முதலில் போனது ண. அடைத்துக்கொண்டபின் ணகரமும் இல்லை, னகரமும் இல்லை, வெறும் கறுப்புக் கட்டி. ட, ப இரண்டும் கடைசி வரை நிமிர்ந்து நின்றன, அவற்றில் அடைபட ஒன்றும் இல்லை. தாள்களை வரிசையாகச் சுவரில் ஒட்டி நடந்து பார்த்தால், எழுத்தைத் தாங்கி நிற்பது உள்ளே இருக்கிற வெள்ளைதான் என்பது தெரிந்தது, கோடு அந்த வெள்ளைக்குக் கட்டின வேலி.

அப்போது நூலகத்தில் மாத்யூ கார்ட்டர் 1978இல் அமெரிக்கத் தொலைபேசிப் புத்தகத்துக்காக வரைந்த பெல் சென்டென்னியல் எழுத்துரு கண்ணில் பட்டது. மட்டமான தாள், வேகமான அச்சு, பொடி எழுத்து. கோடுகள் சேரும் மூலைகளில் எல்லாம் அவர் வேண்டுமென்றே ஆழமாக வெட்டிவிட்டிருக்கிறார். மை பரவி அந்த வெட்டை நிரப்பும்போதுதான் எழுத்து சரியான வடிவத்துக்கு வரும். அதாவது மையும் சேர்ந்து வரைகிறது.

அதே சமயத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்களையும் புரட்டினேன். ணை இருக்க வேண்டிய இடத்தில் யானைத் துதிக்கை மாதிரி ஒன்று தொங்கியது. ஏதோ அலங்காரம் என்று நினைத்து அப்படியே வரைந்து வகுப்பில் காட்டினேன். அது எழுத்து சீர்திருத்தத்துக்கு முந்தின ணை என்று சொல்லி மிஸ் தலையில் கைவைத்தார். பெரியார் 1930களிலேயே எழுதிக் காட்டிய மாற்றத்தைத் தமிழக அரசு ஏற்றதும் 1978தான். இந்தியாவில் தமிழ் எழுத்தில் முதலில் அச்சானதாகச் சொல்லப்படும் புத்தகம், கொல்லத்தில் வெளிவந்த 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்', 1578. எட்டில் முடிகிற வருடங்களுக்கும் எழுத்துக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று அப்போது தீவிரமாக நம்பினேன். இருபது வயதில் எதையும் நம்பலாம்.

சரி, ணகரத்துக்கு வருகிறேன். சுழிகளை அகட்டினேன், கோடுகள் கூடும் இடங்களில் கார்ட்டர் பாணியில் வெட்டு வைத்தேன். அப்புறம் மென்பொருளோடு சண்டை. அந்தக் காலத்து வடிவமைப்பு மென்பொருளுக்கு யூனிகோடு தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாது. எழுத்திடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால் 'கொ' மூன்று துண்டாகிவிடும், கொம்பு முந்தின எழுத்தின் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் ஒவ்வொரு எழுத்தையும் படமாக்கிக் கையால் அடுக்கினேன், ஈயக் காலத்து அச்சுக்கோப்பவர் மாதிரி. ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள்.

இறுதி மதிப்பீட்டுக்கு என் ணவைச் சுவரளவுக்குப் பெரிதாக்கித் தொங்கவிட்டது நான் செய்த மடத்தனம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எலி கடித்த மாதிரி இருக்கிறதே" என்றார். நியாயம்தான், அந்த எழுத்து அந்த அளவுக்கு வரைந்ததே இல்லை. 6 புள்ளியில், பன்னிரண்டாவது பிரதியிலும் மணம் மணமாகவே நின்ற தாள் என் பைக்குள் மடித்துக் கிடந்தது, எடுத்துக் காட்டத் தோன்றவில்லை. நடுத்தர மதிப்பெண். மிஸ் வெளியே வந்து, "பைக்குள் இருந்ததைத் தொங்கவிட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

இருபதாவது தலைமுறைத் தாள் ஒன்று இன்னும் என் மேசைக்கு மேலே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை நவீன ஓவியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் மறுப்பதில்லை.

மலர்க் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். போன மலரில் பின்பக்கக் கட்டுரைகளை இடம் போதாமல் சுருக்கியிருந்தீர்கள், நானும் அதே காரியம் செய்தவன் என்பதால் திட்டமாட்டேன். ஆனால் இந்தக் கட்டுரையை 9 புள்ளிக்குக் கீழே மட்டும் இறக்கிவிடாதீர்கள். இடம் போதாவிட்டால் மழைக் கதையை வெட்டிவிடுங்கள்.