‘ஈ’ வட்டத்தைக் கருப்பாக்காதீர்கள்

ரிசல்ட் வந்து நான்கு நாள் ஆகிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் என் ரேங்கைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவை போன முறை ஓஎம்ஆர் தாளில் நான் கருப்பாக்கிய 14 வட்டங்கள். எல்லாமே ‘ஈ’ (E), நான்கு விடைகளுக்குப் பிறகு வரும் ஐந்தாவது வட்டம். அதன் பொருள்: விடை தெரியவில்லை.

அப்போது அது நேர்மை என்று பட்டது. தெரியாததைத் தெரியாது என்றுதானே சொல்ல வேண்டும்? ஆனால் வினாத்தாளில் மட்டும், மனம் எந்த விடைப் பக்கம் சாய்ந்ததோ அதன் மேல் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருந்தேன். விடைக்குறிப்பு வெளியானதும் ஒப்பிட்டேன். 14-இல் 9 புள்ளிகள் சரி. அதாவது கேள்விக்கு ஒன்றரை வீதம் பதின்மூன்றரை மதிப்பெண். என் பிரிவின் கட்-ஆஃபுக்கு எனக்குக் குறைந்ததோ வெறும் 6. அன்று இரவு நான் தூங்கவில்லை.

தவறான விடைக்கு இந்தத் தேர்வில் மதிப்பெண் கழிப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் கை போகவில்லை. அதனால் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டினேன்: ஒன்றுமே தெரியாத 16 கேள்விகளைக் குத்துமதிப்பாகக் குறித்தால் சராசரியாக 4 சரியாகும், 6 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் 8 சரியாகும், 12 மதிப்பெண். ‘ஈ’ குறித்தால் நிச்சயமாகப் பூஜ்யம். ஒன்றரை மதிப்பெண்ணுக்குள் எத்தனை பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த முறை 21 கேள்விகளில் துணிந்தேன். 11 சரி.

ஆனால் இது தேர்வறையில் திடீரென்று வந்த துணிச்சல் இல்லை. நான் வகுப்பில் கை தூக்காத ஆள். “இடம் இல்லை” என்று ஒருவர் சொன்னால் சரி என்று திரும்பிவிடுவேன். போன வருடம் ஓர் இலவசப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். சேர்க்கை முடிந்துவிட்டது என்றார்கள். படி இறங்கிப் பாதி வழி வந்த பிறகு அந்த 9 புள்ளிகள் ஞாபகம் வந்தன. திரும்பிப் போய், “நின்றுகொண்டே கேட்கலாமா?” என்றேன். நிற்கலாம் என்றார்கள். பத்தாம் நாள் யாரோ வராமல் போனதால் நாற்காலி கிடைத்தது. திறனறி வினாக்களில் என் பயம் போனது அந்த வகுப்பில்தான். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வீட்டுக்கு வந்திருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

என்னைப் போலத் தயங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள்:

- மாதிரித் தேர்விலேயே ‘ஈ’யை மறந்துவிடுங்கள். கை அங்கேதான் பழக வேண்டும்.
- ஊகித்த கேள்விகளுக்கு வினாத்தாளில் புள்ளி வையுங்கள். உங்கள் ஊகம் எவ்வளவு பலிக்கிறது என்று நான்கு மாதிரித் தேர்வுகளில் தெரிந்துவிடும். எனக்கு வரலாற்றில் பலித்தது, அறிவியலில் பலிக்கவில்லை.
- ஊகத்தைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளாதீர்கள். அவசரத்தில் வரிசை மாறிக் குறித்துவிடுவோம்.
- தமிழ்வழியில் படித்தவர் என்றால் அதற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். 20 சதவீத இடஒதுக்கீடு என்பது கையில் இருக்கும் வாய்ப்பு.
- தகுதி இருந்தால் எல்லா அறிவிப்புக்கும் விண்ணப்பியுங்கள். “தயாரான பிறகு எழுதலாம்” என்று நான் விட்ட தேர்வுகள் இரண்டு. அந்தத் தயாரான நாள் வரவேயில்லை.

ஒரு எச்சரிக்கை. மதிப்பெண் கழிக்கும் தேர்வுகளில் கணக்கு வேறு. யூபிஎஸ்சி குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வில் ஒரு தவறுக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போகும். அங்கே கண்ணை மூடிக் குறித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையையாவது உறுதியாக நீக்க முடிந்தால் மட்டும் இறங்குங்கள்.

தமிழ்ப் பகுதியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பள்ளிப் பாடநூல்களைத் தவிர நான் வேறு எதையும் தொடவில்லை.

அந்த வகுப்பில் என் பக்கத்தில் நின்று கேட்ட இன்னொருவருக்கும் ரேங்க் வந்திருக்கிறது. நேற்று போனில் பேசினோம். முதல் நாள் நான் திரும்பி வந்து கேட்டதைப் பார்த்துத்தான் தானும் கேட்டதாகச் சொன்னார். எனக்கு இது இத்தனை நாள் தெரியாது.