மொட்டை மாடியில் 31 கட்டங்கள்

ஏசி பராமரிப்பு நிறுவனங்களுக்கு சர்வீஸ் மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். கிண்டியில் குளுகுளு அறையில் உட்கார்ந்துகொண்டு, வெயிலில் நிற்பவர்களுக்குப் படிவம் தயாரித்துக்கொண்டிருந்தேன் என்பது, ஒரு மே மாத மதியம் தியாகராய நகரில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடிக்கு மூத்த மெக்கானிக் ஒருவருடன் ஏறிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர் அவுட்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்றி, கேஸ் அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்தி, கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து, பழுதான கப்பாசிட்டரை மாற்றி முடிக்க 25 நிமிடம் ஆனது. அளவுகளையெல்லாம் புதுக் கப்பாசிட்டர் வந்த அட்டைப்பெட்டியின் மூடியில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆப்ல போடலையாண்ணே?" என்று கேட்டேன்.

"கையப் பாருங்க சார்" என்றார்.

கை முழுக்கக் கரியும் வியர்வையும். திரையில் வியர்வைத் துளி விழுந்தால் அதையும் விரல் என்றே போன் எடுத்துக்கொள்ளும். அந்த வெயிலில் எழுத்தும் தெரியவில்லை. அன்றைய வேலைகள் அத்தனையையும் இரவு வீட்டில், சாப்பிட்ட பிறகு, அந்த அட்டைகளைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவாராம். எங்கள் தரவுத்தளத்தை நம்பினால், சென்னையின் ஏசிகள் எல்லாம் இரவு 9 மணிக்கு மேல்தான் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்தன.

அதைவிட வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்றும் அன்றுதான் தெரிந்தது. ஆப்பில் நான் தயாரித்த படிவத்தில் கேஸ் அழுத்தத்துக்கான கட்டம் இரண்டு இலக்கங்களை மட்டுமே ஏற்றது. ஆர்-22 என்ற பழைய குளிரூட்டும் கேஸ் ஓடிய காலத்தில், கம்ப்ரசருக்குக் கேஸ் திரும்பும் சக்‌ஷன் பக்கம் 60, 70 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) என்றுதான் காட்டும். அதற்கு அது போதும். அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ கேஸ் இயந்திரத்தில் 120 வரை போவது சாதாரணம். கட்டம் 120-ஐ ஏற்காததால் எல்லாரும் 99 என்று போட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறார்கள். மாதாந்திர அறிக்கையில் அந்த 99-களை வரைபடமாக்கி, வண்ணம் தீட்டி, வாடிக்கையாளர் முன் விளக்கியவன் நான்.

அலுவலகத்துக்குத் திரும்பி, கட்டங்களை எண்ணினேன்: 31. ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வி கேட்டேன்: இது நமக்கு ஏற்கெனவே தெரியுமா? மாடல், நிறுவிய தேதி, உத்தரவாதம், முகவரி, கடைசியாக மாற்றிய பாகம் என்று பாதிக்கு மேல் எங்களிடமே இருந்தன. தெரிந்ததையே மறுபடி மறுபடி கேட்டு ஒரு மனிதரைச் சோதித்திருக்கிறோம். இப்போது கட்டங்கள் ஒன்பதுதான். வரிசை எண்ணைத் தட்டச்சு செய்யச் சொன்னால் சுழியம் ஓ ஆகும், 8 பி ஆகும். அதனால் ஒவ்வொரு யூனிட்டிலும் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டினோம். 1994-இல் ஜப்பானின் டென்சோ குழுமத்தில் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கப் பிறந்த குறியீடு அது; பட்டறைக்குப் புதியதல்ல. அதன் பிழை திருத்தும் திறனை உச்சத்தில் வைத்தால் சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கும். ஆனாலும் வெளியே ஒட்டிய முதல் தொகுதி ஒரே கோடையில் வெளுத்துப்போனது. இப்போது மூடியின் உட்புறம் ஒட்டுகிறோம். எப்படியும் அதைத் திறக்காமல் வேலை நடக்காது.

பழுதுப் பட்டியலைத் திருத்தியதுதான் அதிக நாள் எடுத்தது. பழைய பட்டியல் இயந்திரக் கையேட்டு ஆங்கிலத்தில், அகர வரிசையில் இருந்தது. தங்கள் வார்த்தை எதையும் அதில் காணாமல் மெக்கானிக்குகள் 'மற்றவை' என்பதைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அதைச் சோம்பல் என்று நாங்கள் அலுவலகத்தில் பேசிக்கொண்டது தவறு. இப்போது 'காயில் அடைப்பு', 'கேஸ் லீக்', 'கப்பாசிட்டர் போச்சு' என்று அவர்கள் வாயில் வரும் சொற்களே, அந்த மாடலில் அடிக்கடி வரும் பழுது மேலே இருக்கும்படி நிற்கின்றன. அளவுகளுக்குப் பெரிய எண் பலகை மட்டும் திறக்கும். வழக்கத்தை மீறிய அளவு வந்தால் தடுக்காமல், "சரிதானா?" என்று ஒருமுறை கேட்கும். குறிப்பு எழுத வேண்டாம், பேசினால் போதும். சிக்னல் எட்டாத அடித்தளப் பார்க்கிங்கிலும் பதிவு போனிலேயே தங்கி, மேலே வந்ததும் போய்ச் சேரும். வேலை முடிந்த நேரமும் அனுப்பிய நேரமும் தனித்தனியாகப் பதிவாகும்.

வாடிக்கையாளர் கையெழுத்துக் கட்டத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. பில் பாஸாக அது வேண்டும் என்று கணக்குப் பிரிவினர் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். மொட்டை மாடியில் வாடிக்கையாளர் ஏது? பெரும்பாலும் வாட்ச்மேன்தான் விரலால் ஒரு கோடு இழுத்துக் கொடுக்கிறார்.