மூன்றாம் நாள் மொட்டையின் நிறம்

வழுக்கைத் தலையில் முளைவிட்ட முடி மாதிரித் தெரிய ஊசியால் மைப்புள்ளிகள் வைப்பதுதான் எஸ்.எம்.பி. அதைச் செய்துகொள்ள வருகிறவர் அநேகமாகத் தனியாக வருவதில்லை. மனைவி வருவார், இல்லையென்றால் மச்சான். ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன் என்று முழுப்பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால், வீட்டுப் பெரியவர்களிடம் "தலையில பச்சை குத்தப் போறாரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் வழக்கமான முதல் வசனம்: "சார், நல்லா கருகருன்னு போட்டுடுங்க." மச்சான் ஒரு படி மேலே போவார்: "காசு குடுக்கிறோம்ல, அப்புறம் எதுக்கு லைட்டா?" டிக்காஷன் தூக்கலா ஒரு காபி கேட்கிற அதே தோரணை.

கருகருவென்று போட்டால் என்ன ஆகும்? தலைக்கு ஷூ பாலிஷ் போட்ட மாதிரி ஆகும். பழனியில் முடியிறக்கிவிட்டு வந்தவரின் தலையை, சந்தனமெல்லாம் உதிர்ந்த பிறகு, மூன்றாம் நாள் வெயிலில் பாருங்கள். முடி கருப்புதான், ஆனால் தலை கருப்பாக இருக்காது. தோலுக்கு அடியிலிருந்து வேர் தெரிவதால் ஒரு சாம்பல் நிறம் ஓடும். ஊசியால் வரைய வேண்டியது அந்தச் சாம்பலைத்தான். வளர்ந்த முடியின் நிறத்தைப் பார்த்து மை தேர்ந்தெடுப்பதுதான் இந்தத் தொழிலில் நடக்கிற முதல் தப்பு.

"பச்சை" என்ற சொல்லுக்குள்ளேயே விஷயம் இருக்கிறது. பாட்டி கையில் குத்தியது கரியும் பச்சிலைச் சாறும். சாறு நிற்பதில்லை, கரிதான் நிற்கும். அந்தக் கருப்பு ஏன் பச்சையும் நீலமுமாகத் தெரிகிறது? தோல் நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். மற்ற ஒளி ஆழமாகப் போய்க் கரியில் மாட்டிக்கொள்ளும். மை எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு அடர்த்தியாக உட்கார்கிறதோ, அவ்வளவு நீலம். எஸ்.எம்.பி.யில் ஊசி இறங்குவது சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதற்கும் கீழே அழுத்தினால் புள்ளி வேர்க்கடலை அளவு ஆகாவிட்டாலும் கடுகு அளவு விரியும், நீலமும் தட்டும். மச்சான் கேட்ட கருகரு, கடைசியில் பாட்டி கையில் வந்து நிற்கும்.

ஷேடு பார்க்கிற நாளில் எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வோம். தேங்காய் எண்ணெய் பளபளத்தால் தோல் ஒரு ஷேடு கருத்துத் தெரியும். பக்கவாட்டு முடியை மெஷினில் ஒட்ட வெட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். டை அடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் இன்னும் கவனம். மருதாணி போட்டுச் செம்பட்டையான கிருதாவைக் காட்டி "இதுக்கு மேட்ச் பண்ணுங்க" என்பார்கள். அதற்கு மேட்ச் பண்ணினால் தலை துருப்பிடித்த தகரக் கூரை. டை அடித்த முடியைச் சிரைத்துவிட்டு, மூன்று நாள் முளைத்த வேரைத்தான் நம்பலாம்.

வெளிச்சமும் முக்கியம். மஞ்சள் பல்பில் எல்லா ஷேடும் அழகுதான். 5000 முதல் 6500 கெல்வின் வரையிலான பகல்வெளிச்ச விளக்கு வேண்டும். அதற்குப் பிறகும் வாசலுக்குக் கூட்டிப்போய் ஒருமுறை வெயிலில் பார்க்க வேண்டும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

நம்மூர்த் தலைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே தலையில் இரண்டு தோல். பல வருஷமாக வெயில் வாங்கிய உச்சி ஒரு நிறம், முடிக்குள் ஒளிந்திருந்த பக்கவாட்டு அதைவிட வெளுப்பு. 1975இல் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் தொடங்கிவைத்த தோல்வகை அட்டவணையில் இப்போது ஆறு வகை. நம்மவர்கள் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறுக்குள் வருவார்கள். அட்டவணையில் எண் ஒன்றுதான், தலையில் இரண்டு இருக்கும். கருத்த தோலில் மை கொஞ்சம் அடர்த்தியாக வேண்டும், மேலே இருக்கிற மெலனின் திரைபோல மறைத்துவிடும். அதே மையை வெளுத்த பக்கவாட்டில் வைத்தால் எடுப்பாகத் துருத்தும். அதனால் இரண்டு இடத்திலும் தனித்தனியாகச் சில புள்ளிகள் வைத்துப் பார்ப்பது நல்லது. பழைய ஆபரேஷன் தழும்பு இருந்தால் அங்கேயும் வைத்து, நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். தழும்பு மையைக் குடிக்கும், துப்பும், அதன் இஷ்டம்.

கலவை விஷயத்துக்கு வருவோம். மை ஒன்றுதான், கரிக் கருப்பு. ஷேடு என்பது அதில் சேர்க்கிற நீரின் அளவு. துளிக்கு ஐந்தா, பத்தா, இருபதா என்பது தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும். சுத்திகரித்த நீர்தான், கேன் தண்ணீர் ஆகாது. கரி அடியில் தங்கும் என்பதால் பாட்டிலை நன்றாகக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். குலுக்காவிட்டால் காலையில் வந்த தலைக்குச் சாம்பல், கடைசியில் வந்த தலைக்குத் தார். ஏசி ஓடுகிற அறையில் சின்னக் கிண்ணத்து மையிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆரம்பித்த ஷேடு ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து உச்சிக்குப் போகும்போது ஷேடு வேறு. அரைமணிக்கொரு தரம் கிண்ணத்தை மாற்றுவதுதான் வழி.

பழுப்பு மை கேட்கிறவர்களும் உண்டு, "நேச்சுரலா இருக்கும்ல" என்று. பழுப்பு என்பது பல நிறங்களின் கூட்டணி. எல்லாக் கூட்டணியையும் போலச் சிலர் முன்னாலேயே கழன்றுகொள்வார்கள், சிவப்போ ஆரஞ்சோ மட்டும் பதவியில் நிற்கும்.

"நரைச்ச இடத்துல வெள்ளைப் புள்ளி வைங்களேன்" என்பதும் வேண்டாம். வெள்ளை மையில் இருக்கிற டைட்டானியம் டையாக்சைடு நாளடைவில் மஞ்சளிக்கும். எடுக்கலாம் என்று லேசர் அடித்தால் கருத்துப்போய்ப் பழிவாங்கும். நரைத்த தலைக்கு அதே கருப்பில் இன்னும் நீர், அவ்வளவுதான்.

மூன்று அமர்வு என்று வைத்துக்கொண்டால், முதல் அமர்வில் இருப்பதிலேயே வெளிறிய ஷேடு. ஏழு முதல் பதினான்கு நாள் இடைவெளி விட்டு அடுத்தது. கருமை வேண்டுமென்றால் மையைக் கெட்டியாக்கக் கூடாது, புள்ளிகளை நெருக்க வேண்டும். நெற்றியோரம் மட்டும் கடைசிவரை ஒரு படி வெளிறியே இருக்கட்டும். அங்கே கருத்தால் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்ட மாதிரித் தெரியும், தலையில் தொப்பி ஒட்டின கதை. போட்ட அன்று எல்லாப் புள்ளிகளும் கூர்மையாகவும் கருப்பாகவும், சுற்றிலும் சிவந்தும் இருக்கும். மனைவிக்குப் பயம், மச்சானுக்கு மட்டும் பரம திருப்தி. பத்துநாளில் பொருக்கு உதிர்ந்து மங்கும்போது இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள், "பாதி போயிடுச்சே!" போகவில்லை, ஆறிய நிறம் அதுதான். அடுத்த அமர்வின் ஷேடை ஆறிய தலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அன்று எடுத்த செல்ஃபியைப் பார்த்து அல்ல. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வருகிற மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவது இருவருக்கும் நல்லது. கடைசி அமர்வுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே ஒரு மாதமாவது வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் ஷேடைக் கெடுக்கக் காத்திருப்பவர்கள் இருவர். ஒருவர் சலூன்காரர். பக்கவாட்டு முடி வளரும், புள்ளி வளராது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஜீரோ மெஷின் ஓடாவிட்டால் இரண்டும் தனித்தனி ஊர். இன்னொருவர் மாமியார். ஆறி முடிந்த தலையைப் பார்த்ததும் "சூடு ஏறியிருக்கும்" என்று எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவார். எண்ணெய் வழிந்த தலையில் டியூப்லைட் முகம் பார்க்கும், புள்ளிகள் அதற்குப் பின்னால் காணாமல் போகும். அவருக்குப் பதில் சொல்ல எங்களிடம் ஷேடு கார்டு இல்லை.