மீட்டர் 12.6 காட்டியும் மோட்டார் இழுக்கவில்லை

ஒன்டாரியோவில் படகு மெக்கானிக் படிப்பு படித்தபோது, மின்சாரச் செய்முறைத் தேர்வில் முதல் தடவை தேறவில்லை. அடுத்து போகிறவர்களுக்கு அந்தத் தடவையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ட்ரெய்லரில் ஒரு சின்ன அலுமினியப் படகு. முன்முனையில் 12 வோல்ட் ட்ரோலிங் மோட்டார், அதாவது மீன் பிடிக்கும்போது சத்தமில்லாமல் மெதுவாக நகர உதவும் மோட்டார். பின்னால் பேட்டரி. புகார் ஒன்றுதான்: வேகத்தைக் கூட்டினால் இழுவை இல்லை.

பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தேன், 12.6 வோல்ட். முன்பக்க பிளக்கிலும் 12.6. பேட்டரியிலிருந்து வயரைக் கழற்றி கன்டினியூட்டி, அதாவது வயர் அறுபடாமல் தொடர்கிறதா என்று மீட்டரில் பார்த்தேன், பீப் அடித்தது. வயரிங் சரி, மோட்டார்தான் கோளாறு என்று எழுதிக் கொடுத்தேன். தவறு.

கரண்ட் ஓடாதபோது வோல்டேஜ் எங்கேயும் இறங்காது. வயர் இழைகளில் நாலு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். கெட்ட இணைப்பின் தடை 0.05 ஓம் என்றால், சாதாரண மீட்டரின் ப்ரோப் (தொடுமுனை) வயர்களுக்கே அதைவிடத் தடை அதிகம். ஓம் அளவில் அது பிடிபடாது. ஆனால் 40 ஆம்பியர் ஓடும்போது அதே 0.05 ஓம் 2 வோல்ட்டைத் தின்றுவிடும். அந்த ஒரு இடத்தில் 80 வாட் சூடு கிளம்பும்.

இரண்டாம் தடவை வேறு படகு, அதே புகார். முதலில் புரொப்பல்லரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கச் சொன்னேன். காற்றில் சுற்றினால் மோட்டார் கொஞ்சம்தான் கரண்ட் இழுக்கும், கோளாறு வெளியே வராது. முழு வேகத்தில் பேட்டரியில் 12.3, பிளக்கில் 9.8. சரி, 2.5 வோல்ட் எங்கே போகிறது? ஒரு ப்ரோப்பை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மற்றதைப் பிளக்கின் பாசிட்டிவிலும் வைத்தேன்: 0.3. லக்கில், அதாவது வயர் நுனியில் மாட்டிய உலோக வளையத்தில் வைக்காதீர்கள், பேட்டரி முனையிலேயே வையுங்கள். அப்புறம் நெகட்டிவ் பக்கம் அதேபோல: 2.2. பாசிட்டிவோடு நிறுத்திவிடுகிறவர்கள் தவறவிடும் இடம் இது.

ஒவ்வொரு இணைப்பாக ப்ரோப்பை நகர்த்தினேன். பேட்டரிக்குப் பக்கத்து நெகட்டிவ் லக்கில் ஏறக்குறைய மொத்தமும் இருந்தது. வெளியே ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) பளபளவென்று இருந்தது, தொட்டால் சுட்டது. மோட்டாரை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றிவிட்டு அதை அறுத்தேன். செம்பு கறுத்து, பச்சைப் பொடி பூத்து, லக்கை வயரோடு நசுக்கிப் பிடித்திருந்த கிரிம்ப் கையாலேயே சுழன்றது.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வயர் கனம் கேட்பார்கள். போகும் தூரத்தோடு திரும்பும் தூரத்தையும் கூட்டுங்கள். 5 மீட்டர் என்றால் 10 மீட்டர்: 50 ஆம்பியருக்கு 10 கேஜ் வயரில் சுமார் 1.6 வோல்ட் இறங்கும், அதைவிடத் தடிமனான 6 கேஜில் 0.65. பேட்டரிக்குப் பக்கத்தில் பிரேக்கர் ஏன் என்று கேட்டால், அது காப்பது வயரை என்று சொல்லுங்கள்.

பழுது பார்த்தபின் அதே அளவுகளை மறுபடி எடுத்து எழுத மறக்காதீர்கள். புது லக் போட்டதும் என் தாளில் நெகட்டிவ் பக்கம் 2.2 இருந்த இடத்தில் 0.3 என்று எழுதினேன்.