பாத எரிச்சலும் மாற்றி மாற்றிப் பார்த்த மாத்திரைகளும்

சர்க்கரை நோயால் நரம்பு பாதித்து வரும் பாத வலிக்கு எந்த மாத்திரை நல்லது என்று அடிக்கடி கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, யாருக்கு எது ஒத்துக்கொள்கிறதோ அதுதான். அதைக் கண்டுபிடிக்கத்தான் நாளாகிறது.

எனக்குப் பகலில் பாதம் மரத்துக் கிடக்கும். இரவில் எரியும், போர்வை பட்டாலே சுரீர் என்னும். டாக்டர் எடுத்தவுடன் மாத்திரை எழுதவில்லை. மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு உணர்ச்சி தெரிகிறதா என்று பார்த்தார். வைட்டமின் பி12, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம், அந்தக் குறைவும் நரம்பைக் கெடுக்கும். கிரியாட்டினின் எதற்கென்றால், இந்த வலிக்குத் தரும் ப்ரீகாபலினும் காபாபென்டினும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகின்றன. அது மந்தமாக இருந்தால் டோஸைக் குறைக்க வேண்டும்.

பாரசிட்டமால் இந்த வலியை அசைக்கக்கூட இல்லை. இப்போது தரும் மருந்தும் நரம்பைச் சரிசெய்யாது, வலியை மட்டுப்படுத்தும், பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். கேட்கக் கசப்பாகத்தான் இருந்தது.

முதலில் ப்ரீகாபலின் 75 மி.கி., இரவில் மட்டும். பிறகு இரு வேளை. தூக்கம் வந்தது, ஆனால் காலையில் எழுந்தால் தலை கிறுகிறுக்கும். டோஸை ஏற்றியதும் கணுக்கால் வீங்கியது, எடையும் கூடியது. சட்டென்று நிறுத்தக்கூடாத மருந்து என்பதால் படிப்படியாகக் குறைத்தார். அடுத்து, இதே வலிக்குத் தரும் இன்னொரு மருந்தான அமிட்ரிப்டிலின் தருவாரா என்று கேட்டேன். இதயத் துடிப்பில் எனக்குக் கோளாறு உண்டு, அதனால் வேண்டாம் என்றார்.

அப்புறம் டுலோக்ஸெடின் 30 மி.கி., பின்னர் 60. மனச்சோர்வுக்குத் தருகிற மாத்திரை ஆயிற்றே என்று வீட்டில் பயந்தார்கள். தண்டுவடத்தில் வலியை அடக்கும் இயற்கையான வழியை அது வலுப்படுத்துகிறது, அதனால் மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் வலி குறையும் என்று விளக்கினார். ஆரம்பத்தில் குமட்டல் படுத்தியது. சாப்பாட்டோடு எடுத்ததும் அடங்கியது. எரிச்சல் நன்றாகக் குறைந்தாலும் நள்ளிரவுக் குத்தல் மிச்சம் இருந்தது. அதற்கு இரவில் சின்ன டோஸ் ப்ரீகாபலினைச் சேர்த்தார். வீக்கம் திரும்பவில்லை.

இரண்டு மருந்தா என்று தயங்குபவர்களுக்கு ஒரு தகவல்: 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆப்ஷன்-டிஎம் ஆய்வில் ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெடின் ஆகிய மூன்று மருந்துகளில் ஒன்றில் தொடங்கி, போதாதவர்களுக்கு இன்னொன்றைச் சேர்த்தார்கள். எதில் தொடங்கினாலும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஒன்று போதாதவர்களுக்கு இரண்டாவது கைகொடுத்தது.

உறவினர் ஒருவர் டிரமடால் என்ற வலுவான வலி மாத்திரையைக் கேட்டுப் பார் என்றார். டாக்டர் மறுத்துவிட்டார்: பழக்கமாகிவிடும், டுலோக்ஸெடினோடு சேர்ந்தால் உடலில் செரட்டோனின் என்ற ரசாயனம் அளவுமீறும் ஆபத்தும் உண்டு.

இப்போது வலி 10க்கு 3 அளவில் நிற்கிறது, தூங்குகிறேன். மரத்துப்போனது மட்டும் மாறவில்லை. காயம் பட்டாலும் தெரியாது என்பதால் தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். அடுத்த முறை போகும்போது இரவு டோஸை இன்னும் குறைக்க முடியுமா என்று கேட்க வேண்டும்.