அழித்து எழுதிய அளவு

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைத் தேர்வுக்கு 25 மதிப்பெண். அந்த 25 மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவியின் சரியான விடையை நானே அழிக்கச் சொன்ன நாள் ஒன்று உண்டு. கரூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறிவியல் கற்பித்துவரும் எனக்கு, அறிவியல் கல்வி என்ற சொல்லைக் கேட்டதும் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்த நாள்தான்.

நான் முதலில் பணியில் சேர்ந்த பள்ளியில், மாறுதலில் சென்ற ஆசிரியர் ஆய்வகப் பொறுப்பை ஒப்படைத்தபோது சாவிக் கொத்தையும் இருப்புப் பதிவேட்டையும் கொடுத்துவிட்டு, சோதனைக் குழாய்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். உடைந்த ஒரு பிப்பெட்டின் இரண்டு துண்டுகளையும் தாளில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார். தணிக்கைக்கு வருபவர்கள் கேட்டால் காட்ட வேண்டும் என்பது அவருடைய அச்சம். பீரோ பூட்டியிருக்கும் வரை எதுவும் உடையாது, எதற்கும் விளக்கம் எழுத வேண்டியதில்லை. அவரைக் குறை கூற எனக்கு உரிமை இல்லை, ஏனென்றால் அடுத்த சில ஆண்டுகள் நானும் அதையே செய்தேன். கண்ணாடிப் பொருள் என்றால் உடையத்தான் செய்யும் என்பதை ஏற்றுக்கொள்ளாத ஒரு பதிவேடு, எத்தனை நல்ல பாடநூல் வந்தாலும் பிள்ளைகளின் கையைக் கட்டிப்போட்டுவிடும் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று.

அந்த மாணவி செய்தது குவிலென்சின் குவியத்தொலைவைக் காணும் சோதனை. லென்சைத் தாங்கியில் பொருத்தி, சன்னலுக்கு வெளியே தொலைவில் நிற்கும் வேப்பமரத்தை நோக்கித் திருப்பி, பின்னால் வெள்ளைத் திரையை முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் மரம் தலைகீழாக, சிறிதாக, இலையசைவு தெரியும் அளவுக்குத் துல்லியமாக விழும். லென்சுக்கும் திரைக்கும் இடையே உள்ள தூரமே குவியத்தொலைவு. லென்சுப் பெட்டியின் மேல் 10 செ.மீ. என்று ஒட்டியிருந்தது. அவள் குறிப்பேட்டில் 15, 14.8, 15.1 என்று மூன்று அளவுகள் இருந்தன.

"பத்துதாம்மா வரணும். அழிச்சிட்டு எழுது" என்றேன்.

"மூணு தடவையும் பாத்தேனுங்க சார்" என்றாள். பிறகு அழித்தாள்.

மாலையில் பொருள்களை அடுக்கும்போது மனம் கேட்காமல் நானே அந்த லென்சைச் சன்னலருகே பிடித்துப் பார்த்தேன். அது 15 செ.மீ. லென்சு. முன்பு எப்போதோ எடுத்து வைக்கும்போது இரண்டு பெட்டிகளின் லென்சுகளும் இடம் மாறியிருந்தன. மூன்று முறை கண்ணால் கண்டதை எழுதியவளை, பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை நம்பி நான் திருத்தியிருந்தேன். மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் என் தவறைச் சொன்னேன். அவள் அதே இடத்தில் மறுபடியும் எழுதினாள். அழித்து அழித்துத் தாள் அந்த இடத்தில் மெலிந்துபோயிருந்தது.

நம் நாட்டில் அறிவியல் கொள்கைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1958 மார்ச்சில் அறிவியல் கொள்கைத் தீர்மானம் வந்தது. 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியாக, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பின் 51அ பிரிவு கூறத் தொடங்கியது. 2023இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான சட்டம் ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்ற இலக்கோடு நிறைவேறியது. இவை வேண்டியவைதான். ஆனால் அந்தக் கடமையை ஒரு பிள்ளை முதன்முதலாக நிறைவேற்றும் இடம், தான் கண்ட அளவுக்கும் எதிர்பார்க்கப்படும் அளவுக்கும் இடையே எதை எழுதுவது என்று அது தயங்கி நிற்கும் அந்த ஒரு நிமிடம்தான். அந்த நிமிடத்தில் அருகில் நிற்கும் ஆசிரியர் எதற்கு அஞ்சுகிறார் என்பதைக் கொள்கை வகுப்போர் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கிய வானவில் மன்றத்தை நான் மனமார வரவேற்றதற்குக் காரணம், அதில் கருத்தாளர்கள் எளிய, விலை குறைந்த பொருள்களைக் கொண்டு பிள்ளைகளையே சோதனை செய்ய வைக்கிறார்கள் என்பதுதான். பலூன் வெடித்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

2019 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த வளையச் சூரிய கிரகணத்தின் பாதை எங்கள் மாவட்டத்தின் வழியாகவே சென்றது. அரையாண்டு விடுமுறை என்பதால் பள்ளி இல்லை. எனினும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் முப்பது பிள்ளைகள் வரை மைதானத்துக்கு வந்தார்கள். ஏறத்தாழ 3 நிமிடங்கள் சூரியன் வளையமாக நின்றது. புங்கமரத்தடியில் இலை இடுக்குகளின் வழியே விழுந்த ஒவ்வோர் ஒளிப்பொட்டும் ஒரு சிறு வளையமாக இருந்ததைக் கண்டு, சமையலறையிலிருந்து சல்லடையை எடுத்துவர ஒரு பையன் ஓடினான்.

அன்று ஊருக்குள் பல வீடுகளில் தாம்பாளத்தில் மஞ்சள் நீர் ஊற்றி உலக்கையை நிறுத்தியிருந்தார்கள். கிரகணம் பிடித்திருக்கும் வரை உலக்கை தானாக நிற்கும், விட்டதும் சாய்ந்துவிடும் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது. சூரியனும் நிலவும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுப்பதால்தான் அது நிற்கிறது என்று அதற்கு ஓர் அறிவியல் விளக்கமும் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. உலக்கை நிற்பதை அவர்கள் தம் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அது பொய் அல்ல. கிரகணமில்லாத நாளில் யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அதனால் பிள்ளைகளிடம், கிரகணத்துக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி ஒரு வாரம் பின்பு வரை தினமும் வீட்டு உலக்கையை நிறுத்திப் பார்த்து, நடந்ததை நடந்தபடி எழுதி வரச் சொல்லியிருந்தேன். பூண் தேயாமல் அடிப்பகுதி தட்டையாக இருக்கும் உலக்கைகள், பொறுமையாக நிறுத்தினால் எந்த நாளிலும் நின்றன. பூண் தேய்ந்தவை கிரகணத்தின்போதும் விழுந்தன. ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு அடிப்பரப்புக்குள் விழுந்தால் பொருள் நிற்கும் என்பதை அதன்பிறகு நான் கரும்பலகையில் வரைந்தபோது, பாதி வகுப்பு எனக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டது. அமாவாசைதோறும் சூரியனும் நிலவும் ஏறக்குறைய ஒரே திசையிலிருந்துதானே இழுக்கின்றன, அன்றெல்லாம் ஏன் உலக்கையைத் தேடவில்லை என்று ஒருவன் கேட்டான்.

ஒரு மாணவியின் பாட்டி, சனவரியில் பள்ளி திறந்த பிறகு பேத்தியை விட வந்தபோது, "ஏனுங் வாத்தியாரே, நேத்தும் நின்னுதுங்க. அப்ப அன்னைக்கு நின்னது எதுக்கு?" என்று கேட்டார். என்னைச் சோதிக்கக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவரை ஆய்வகத்துக்கு அழைத்துப் போய், ஒரு சுண்ணாம்புக்கட்டியைத் தட்டையான பக்கத்திலும் தேய்ந்த பக்கத்திலும் நிறுத்திக் காட்டினேன். இரண்டாவது விழுந்ததும், "எங்க மாமியாரூட்டு உலக்கை எப்பவுமே நிக்காதுங்க, பூணு தேஞ்சது" என்றார்.

பேத்தியின் குறிப்பேடு என் மேசையில் இருந்தது. பதினைந்து நாள்களுக்கும் அட்டவணை போட்டிருந்தாள். கிரகணத்தன்று காலை 9.30 என்று நேரம் குறித்த கட்டத்தில், முதல் முறை விழுந்தது, இரண்டாம் முறை விழுந்தது, மூன்றாம் முறை நின்றது என்று மையில் எழுதியிருந்தாள்.