கோழிக்கு இறகு கொட்டுதா? முதலில் எந்த இடம்னு பாருங்க

கோழிக்கு இறகு கொட்டினால் மருந்துக் கடைக்குப் போகும் முன் அதைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பாருங்கள். எந்த இடம் மொட்டையாக இருக்கிறது என்பதிலேயே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

வருஷத்துக்கு ஒருமுறை வரும் இறகு உதிர்ப்பு என்றால், தலை, கழுத்தில் ஆரம்பித்து நெஞ்சு, முதுகு, வால் என்று வரிசையாக உதிர்ந்திருக்கும். தோலில் புண் இருக்காது, மெழுகு உறை போட்ட பென்சில் முனை மாதிரி புது முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். முட்டையும் நின்றுபோகும், இரண்டு மூன்று மாதத்தில் தானாகச் சரியாகும். முளைக்குள் ரத்தம் ஓடுவதால் அடிக்கடி பிடிக்காதீர்கள். முதுகு மட்டும் தேய்ந்திருந்தால் சேவல் மிதித்தது. 8 முதல் 10 பொட்டைக்கு ஒரு சேவல் போதும். நெஞ்சு மட்டும் மொட்டை என்றால் அடைக்கோழி தானே பிடுங்கிக்கொண்டது. கிராப்புக்கோழிக்குக் கழுத்து பிறவியிலேயே அப்படித்தான்.

எச்சத் துவாரத்தைச் சுற்றி இறகை விலக்கிப் பாருங்கள். அடித்தண்டில் ரவையைப் பசை போட்டு ஒட்டியது போல வெள்ளைக் கொத்து இருந்தால் பேன் முட்டை. செள்ளில் ஒரு வகை பகலில் கோழி மேல் இருக்காது. ராத்திரி 9 மணிக்கு மேல் டார்ச்சோடு போய், கோழி அடையும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். சிவப்புத் தீற்றல் விழுந்தால் அது குடித்த ரத்தம். கட்டை இடுக்கு, கோழியை அடைக்கும் கொடாப்பின் மூங்கில் சந்து எல்லாம் வழித்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். 3 அடிக்கு 3 அடி குழியில் மணலும் அடுப்புச் சாம்பலும் வேப்பிலைப் பொடியும் கலந்து வையுங்கள், கோழி தானே புரண்டு உதறிக்கொள்ளும். எதைத் தெளித்தாலும் 7 நாள் கழித்து மறுபடி செய்யுங்கள். முதல் தடவையில் முட்டை சாகாது, அதனால்தான் செள்ளு திரும்பி வருகிறது.

வால் அடியிலும் துவாரத்தைச் சுற்றியும் தண்டு ஒடிந்து தேய்ந்த விளக்குமாறு போல நின்றால், இன்னொரு கோழி கொத்துகிறது. இதில்தான் நம் பக்கம் பெரிய தப்பு நடக்கிறது. தோட்டத்தில் விளைந்ததென்று மக்காச்சோளத்தை மட்டும் இறைத்துவிட்டுப் போகிறோம். அதில் புரதம் 9 சதவீதம்கூடத் தேறாது. இறகோ 85 சதவீதத்துக்கு மேல் புரதம். பற்றாத சத்தைக் கோழி பக்கத்துக் கோழியின் மேல் தேடுகிறது.

10 கிலோ தீவனத்துக்கு இப்படிக் கலக்கலாம்: உடைத்த மக்காச்சோளம் 5 கிலோ, கம்பு ஒன்றரை, தவிடு 1, சோயாப் புண்ணாக்கு ஒன்றரை, கடலைப் புண்ணாக்கு 300 கிராம், எள்ளுப் புண்ணாக்கு 200, கருவாட்டுத் தூள் 300, தாது உப்புக் கலவை 200. புரதம் 17 சதவீதம் வரும். எள்ளுப் புண்ணாக்கை விட்டுவிடாதீர்கள். இறகுக்கு வேண்டிய மெத்தியோனின் என்ற புரதக் கூறு சோயாவில் குறைவு, எள்ளில் அதிகம். சாப்பாட்டு உப்பு 30 கிராம். உப்பு குறைந்தாலும் கொத்தும். ஆனால் கருவாடு உப்புப் போட்டதென்றால் இந்த 30 கிராமைச் சேர்க்காதீர்கள். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு ஈரலைக் கெடுக்கும், வாசனை மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள். கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வையுங்கள்.

அடுத்தது இடம். பகலில் வெளியே மேயும் கோழிக்கு ராத்திரி அடைய 2 சதுர அடி போதும்; நாள் முழுக்க வலைக்குள் என்றால் ஒன்றுக்கு 10 சதுர அடியாவது கொடுங்கள். சித்திரை வெயிலில் நிழல் ஒரே மூலையில் இருந்தால் எல்லாம் அங்கே நெருக்கியடித்து அங்கேயே கொத்தும். தண்ணீரும் தீவனமும் இரண்டு இடத்தில் இருக்கட்டும். முருங்கை, அகத்திக் கொத்தைக் கோழியின் தலைக்குச் சற்று மேலே கட்டித் தொங்கவிட்டால் எட்டிக் கொத்துவதிலேயே பொழுது போகும். பெரிய உடம்புள்ள பெருவிடை நாட்டுக்கோழியைச் சின்ன உடம்புள்ள சிறுவிடையோடு அடைக்கவே கூடாது.

ரத்தம் தெரிந்த கோழியை அந்த நிமிஷமே தனியே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றதெல்லாம் சேர்ந்து குடலையே இழுத்துவிடும். உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினால் ஈ உட்கார்ந்து புழு வைக்காது. சிவப்பு முழுக்க மறைந்த பிறகே திரும்ப விடுங்கள், அதுவும் இருட்டிய பிறகு. கூட்டத்தில் ஒன்றே ஒன்று மட்டும் இறகு குலையாமல் பளபளவென்று இருந்தால் பெரும்பாலும் அதுதான் கொத்துவது. அதை நான்கு நாள் தனியே அடைத்தால் திரும்பும்போது அதிகாரம் இறங்கியிருக்கும். பெரிய முட்டைப் பண்ணைகளில் செய்வது போல மூக்கை வெட்ட நினைக்காதீர்கள். மேய்கிற கோழிக்குப் பூச்சி பொறுக்கவும் பேன் கோதவும் அந்த நுனிதான் வேண்டும்.

தீவனம் மாற்றியும் இறகு வரவில்லை என்று அவசரப்படாதீர்கள். வேரோடு பிடுங்கப்பட்ட இடத்தில் சில வாரத்தில் முளை வரும். பாதியில் ஒடிந்த தண்டு அடுத்த உதிர்ப்பு வரை அப்படியேதான் நிற்கும். புதிதாக ஒடியாமல் இருக்கிறதா என்று மட்டும் வாரம் ஒருமுறை பாருங்கள்.